கத்தரீனாளின் ரப்பர் குழாய்

விடிந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியோடு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வந்துவிடுவாள் கத்தரீனாள். கீழ் இமையை விரலால் இழுத்து, விழி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. "வெளக்குல பாத்தா ஊருக்கே மஞ்சக்காமாலதான்" என்பாள். தன் கண்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டு ராமுத்தாயைக் கூப்பிட்டு, "வெள்ளையா இருக்கா, பாத்துச் சொல்லுட்டி" என்று கேட்டபிறகுதான் கூடையை எடுப்பாள்.

கேரளத்து ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். நான் அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். போன வருஷம், எழுபத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில், அவளுடைய பித்தக்குழாய் சுருங்கி உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள், அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். நோய் எதற்கும் மசியவில்லை. கோட்டயத்தில் வயிற்றைத் திறந்து, சுருங்கிய பகுதியை நீக்கி, மிச்சக் குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க உள்ளே ஒரு ரப்பர் குழாய். அதன் நுனி விலா ஓரமாக வெளியே வந்து, இடுப்பில் தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலில் முடியும். ஒரு வருஷம் அது இருந்தே ஆகவேண்டும். நழுவிவிட்டால் மறுபடி திறக்கவேண்டும். அதைத் தாங்குவாளா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

ஒண்டிக்கட்டை. மஸ்டர் வருகைப் பதிவில் பேர் இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. மூன்றாம் மாதமே வேலைக்கு வந்து நின்றாள். தடுத்தேன்.

"கொழுந்து கிள்ளுறது கையிதான அய்யா, ஈரலா கிள்ளுது?"

வேலைக்குத் தகுதி என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பாட்டிலில் இறங்கும் பித்தநீரைக் கொட்டக் கூடாது, குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வற்றிவிடும் என்பது டாக்டர் உத்தரவு. லயமே முகம் சுளித்தது. இவள் பாலில்லாத கட்டன்சாயாவில் கலந்து ஒரே மடக்கில் குடித்துவிடுவாள். "எம் பொருள நாந்தான குடிக்கேன், இவளுகளுக்கு என்ன வந்துச்சு?"

ஒருநாள் மலையிலேயே குளிர்க்காய்ச்சல் வந்து சுருண்டு விழுந்தாள். தூக்கி வந்தார்கள். பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. தைத்த இடம் மூடிக்கொண்டது என்றே நினைத்தேன். என்ன ஏது என்று பார்க்காமல், மானேஜர் துரையிடம் ஜீப் கேட்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவளே கண்டுபிடித்திருந்தாள். செடி கிழிக்காமலிருக்கக் கொழுந்துக்காரிகள் இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். பழக்கதோஷம், முடிச்சு நேராகக் குழாய்மேல் விழுந்து அதை நசுக்கியிருக்கிறது. "டாக்டரு தச்சது சரியாத்தான் இருக்கு. நான் கட்டுனதுதான் தப்பு" என்று அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். அதன்பிறகு அவள் படங்கு தோளிலிருந்துதான் தொங்குகிறது. கேலி செய்த கங்காணிக்கும் கிடைத்தது: "கொழுந்து எட கொறஞ்சா அப்பப் பேசுங்க!"

இந்த ஆடியோடு வருஷம் முடிந்தது. டாக்டர் குழாயின் வெளிநுனியைக் கட்டி மூடி அனுப்பினார். பத்து நாள் காய்ச்சல் இல்லையென்றால் பித்தம் உள்வழியைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம், குழாயை உருவிவிடலாம். காய்ச்சல் வந்தால் மறுபடி கத்திதான். காலையும் மாலையும் என்னிடம் வந்து தெர்மாமீட்டரை வாயில் வாங்கிக்கொள்வாள். இரண்டு நிமிஷமும் என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்தாம் நாள் மாலை, கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள். பற்கள் தந்தியடித்தன. மழை நடுக்கமா, காய்ச்சல் நடுக்கமா? தெர்மாமீட்டரை வாயில் வைத்தேன். பாதரசம் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "காய்ச்சல் இல்லை கத்தரீனாள். நாளைக்கே கோட்டயம் போகலாம்."

அவள் நகரவில்லை.

"எரக்கப்பட்டுப் பொய் சொல்லுதீகளா? இல்ல, இந்தக் குச்சி கெட்டுப்போச்சா?"

தெர்மாமீட்டரை என் கையிலிருந்து பிடுங்கினாள். டெட்டால் தண்ணீரில் முக்கி, நான் செய்வது போலவே உதறி, "ஆ காட்டுங்க, ஒங்களுக்கு எம்புட்டுக் காட்டுதுன்னு பாப்பம்" என்று என் நாக்குக்கடியில் செருகிவிட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றாள்.