குழியில் விழுந்த சீனக் காசு

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. சீனத்துப் பித்தளைக் காசு சேர்க்கிற பைத்தியமும் இருந்தது. நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நாலு எழுத்து. பினாங்கிலிருந்து திரும்புகிறவர்களிடம் கெஞ்சி வாங்கியவை பன்னிரண்டு. "கடையிலும் செல்லாது, உண்டியலிலும் செல்லாது" என்பாள் என் மனைவி.

அந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னவர் ஒரு சீனாக்காரர். முதுகில் பட்டு மூட்டையோடு வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் தெருவுக்கு வருவார். எல்லாம் அவர்கள் ஊர் ராஜா வம்சத்துக் காசுகளாம். அந்த வம்சம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த சமயம் அது.

அவர் கழுத்திலும் ஒரு காசு தொங்கும். அவருடைய அம்மா அதில்தான் கதவுச் சாவியைக் கட்டி வைத்திருந்தாளாம். கயிறு உரசி உரசி ஓட்டையின் ஒரு மூலை மட்டும் தேய்ந்து உருண்டிருக்கும். அம்மா இப்போது இல்லை. ஒரு தடவை கயிறு நைந்துபோகவே, காசைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தோல்ல வார் போட்டுக் குடு. பெங்களூர் போய்ட்டு வர்றேன்."

என் பன்னிரண்டோடு அதையும் ஒரு துணியில் முடிந்து டேனரி மேஜைக்குள் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மறுநாள் காலை மேஜையைத் திறந்தால் துணி மட்டும் இருந்தது. மேஸ்திரி சந்தோஷமாக வந்தார்.

"வில்லை நீங்க வாங்கியாந்து வச்சதா சார்? கரெக்டா பதிமூணு இருந்துது. நேத்தே கட்டிட்டேன்."

புது வியாபாரி ஒருவர் எங்கள் வேலையைப் பார்ப்பதற்காகப் பதிமூன்று ஆட்டுத்தோல் அனுப்பியிருந்தார். மற்றவர்கள் தோலோடு கலந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்ட வேண்டும். தோலை ஊறப்போடும் குழியின் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் தோல் கறுத்துப்போகும் என்பதால் நாங்கள் கட்டுவது பித்தளை வில்லை. ஓட்டையோடு பித்தளை கிடைத்தால் எந்த மேஸ்திரிதான் விடுவார்?

எனக்கு வந்த கோபத்தில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உடனே அவிழ்க்கச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அவுத்தா யார் தோல் எதுன்னு தெரியாது சார். மொதலாளி என்னைத் தொரத்திடுவாரு."

அவர் சொன்னது நியாயம். மேஜையைப் பூட்டாதது நான். அவிழ்க்க வேண்டாம் என்றேன்.

தோல் குழியில் ஊறியது இருபத்து நாலு நாள். தினமும் ஆட்கள் குழியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டினார்கள். ஒவ்வொரு மிதியும் என் நெஞ்சில் விழுந்தது. கயிறு அறுந்து தொலைந்துபோனால் வேறு காசு கொடுக்கலாம். வேறு அம்மாவை எங்கே கொண்டுவந்து கொடுப்பேன்?

தோல் எடுத்த அன்று ஒவ்வொரு காசின் ஓட்டையிலும் நகத்தை விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டிலும் மூலைகள் கூர்மையாகவே இருந்தன. பதிமூன்றாவது தோலில் அறுந்த கயிறு மட்டும் தொங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அடியில் படிந்த பட்டைச் சக்கையைக் கால் விரலால் துழாவினார். வெகுநேரம் கழித்துக் குனிந்து, எதையோ எடுத்து நீட்டினார். காசு கன்னங்கரேல் என்று இருந்தது. நகத்தை விட்டேன். ஒரு மூலை உருண்டிருந்தது. மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன், மேஸ்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே பதிமூன்றாவது தோலின் ஓரக் கழிவிலிருந்து வார் வெட்டிக் கோத்தேன்.

அடுத்த வாரம் சீனாக்காரர் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் காசை மோந்து பார்த்தார். தேய்ந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினார். பெங்களூரில் அவருக்குச் சீனாவிலிருந்து ஒரு செய்தி கிடைத்திருந்ததாம்.

"எங்க ராஜா போய்ட்டான்" என்றார் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "இது போவல."