நாற்பத்தொரு முறை திறந்த டப்பா

தொழிற்சாலையில் அவருக்கு மில்லி என்று பெயர். மில்லிமீட்டரின் சுருக்கம். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை, ஏன் வைத்தது என்று மட்டும் எல்லாரும் சொல்வார்கள். சாப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்த நாற்காலி ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் தரையில் மண்டியிட்டு நான்கு கால்களையும் அளந்து, "மூணாவது கால் ரெண்டு மில்லி குட்டை" என்று அறிவித்தாராம். அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிவிட்டது.

வயது ஐம்பத்தொன்று. பிளாஸ்டிக் டப்பா, பாட்டில், மூடி செய்கிற அந்தத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருபத்தேழு வருடங்களாக அடுத்தவர்களின் யோசனைக்கு அளவு போட்டுக் கொடுத்து வந்தார். "ஒரு மூடி வேணும், சட்டுனு கழண்டுடக் கூடாது" என்று யாராவது வாயால் சொன்னால், அது எத்தனை சுற்றுத் திருகவேண்டும், விளிம்பு எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் இவர் பாடு. ஒருகாலத்தில் ஐந்து பேர் இருந்த பிரிவு. இப்போது ஐந்து மேசையும் இருந்தன, இவர் ஒருவர்தான் மிச்சம்.

சொந்தமாக ஒரு யோசனை அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவும் மனைவியின் பல்லால் வந்தது.

மனைவிக்கு மூட்டுவாதம். நான்கு வருடமாக விரல் கணுக்கள் வீங்கி, காலையில் கையை மடக்கவே அரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, மாலை ஆறு மணிக்கு ஒன்று. அந்த மாத்திரை வருவதோ அழுத்தித் திருகுகிற மூடி போட்ட பாட்டிலில். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த மூடி. குழந்தையால் திறக்க முடியாது என்பது உண்மைதான், அவளாலும் முடியவில்லை. அதனால் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் இவர் பாட்டிலைத் திறந்து இரண்டு மாத்திரைகளை ஒரு சிறிய தட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் மறந்துவிட்டார். மாலையில் வந்து பார்த்தால் மூடியில் பல் தடம், அவள் முன்பல்லில் ஒரு மூலை காணோம்.

"எவன் செஞ்ச மூடியோ, அவன் கையில கட்டி முளைக்க" என்றாள் அவள்.

மில்லி பல் தடம் பதிந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருடத்துக்கு முன் அந்த மூடியை வரைந்தவர் அவரேதான்.

அன்று மாலையே மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் கிறுக்கினார். உள்ளங்கை அளவுக்குத் தட்டையான டப்பா. திருகல் கிடையாது. முன்பக்கம் அகலமாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். விரலே வேண்டாம், உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து அந்த நாக்கை அழுத்தினால் போதும், மூடி தானாக எழும்பும்.

மறுநாள் மேலாளர் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கட்டணம் எவ்வளவு என்றும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, மில்லி. ஆனா இந்தக் கிறுக்கலைத் தூக்கிட்டு மேல போனா என்னையும் சேர்த்துத் துரத்திடுவாங்க. முழுசா எழுதிக் கொண்டு வாங்க. யாருக்காக, எதுக்காக, படம், மாதிரி, சோதனைக் கணக்கு, எல்லாம். அஞ்சு வாரம் தர்றேன்."

"சரி சார்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்குங்க. படம் போடற வேலையை வெளியில குடுத்துடலாமான்னு மேல பேச்சு நடக்குது. உங்க பிரிவுலேருந்து இந்த வருஷம் புதுசா ஒரு பொருள் வந்தா நான் பேசறதுக்கு வாய் இருக்கும். இல்லைன்னா இல்ல."

முதல் இரண்டு வாரம் மாதிரி செய்வதில் போனது. நாக்கு பதினான்கு மில்லி அகலம் வைத்தார், போதவில்லை. பதினெட்டு, இருபத்திரண்டு. கீல் இரண்டு முறை முறிந்தது. அச்சுப் பிரிவில் ஒரு இளம் பொறியாளர் இருந்தாள். அவளிடம் படத்தைக் காட்டினால் முதலில் சிரிப்பாள், பிறகுதான் குறை சொல்வாள்.

"அண்ணே, உள்ளே இப்படிக் கொக்கி வெச்சிருக்கீங்களே, வார்த்ததுக்கு அப்புறம் டப்பா எப்படி வெளிய வரும்? அச்சை உடைச்சு எடுக்கறதா, இல்ல டப்பாவை உடைச்சு எடுக்கறதா?"

"ரெண்டும் வேணாம்மா. கொக்கியை உடைச்சிடறேன்."

நான்காவது மாதிரி தேறியது. அதைப் பட்டறையில் வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிவைத்து, நாக்கில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். முக்கால் கிலோ விசைக்கே மூடி 'டக்' என்று எழும்பியது. நூறு முறை இழுத்தார்கள், நூறு முறையும் எழும்பியது.

"பூனைக்குட்டி மிதிச்சாலே திறந்துக்கும் போலிருக்கே" என்றாள் பொறியாளர். "ஆனா எத்தனை பேர்கிட்ட குடுத்துப் பார்க்கப் போறீங்க?"

"வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ கையால திறக்க முடிஞ்சா உலகத்துல எவ கையாலயும் முடியும்."

இந்த ஒரு பதிலில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. அறுபது மாத்திரை கொண்ட புதுப் பாட்டிலின் முத்திரையை உடைத்து, அறுபதையும் டப்பாவில் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்தார். பக்கத்தில் ஒரு நோட்டையும் கட்டித் தொங்கவிட்டார். திறந்தால் ஒரு டிக், திறக்க முடியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. காலை ஒன்று, மாலை ஒன்று. தட்டில் மாத்திரை எடுத்துவைக்கிற வேலை அன்றோடு நின்றது.

நோட்டு நாளுக்கு நாள் நிரம்பியது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்.

"எப்படி இருந்தது?"

"ஜம்முனு திறக்குதுங்க."

மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பத்தொரு குறிகள் சேர்ந்திருந்தன. முப்பத்தொன்பது டிக், இரண்டு பெருக்கல். அந்த இரண்டு பெருக்கலும்தான் அவருக்குப் பெருமை. பொய்க் கணக்கில் பெருக்கல் இருக்காது அல்லவா? 'ஈரக் கையோடு அழுத்தியதால் வழுக்கியிருக்கலாம். நாக்கின் மேல் சொரசொரப்பான வரிகள் சேர்க்கப்படும்' என்று அவற்றுக்காகவே ஒரு பத்தி எழுதினார்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். ஞாயிறு மதியம் முன்மொழிவின் பதினாறு பக்கமும் முடிந்து, படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. கொள்ளளவு. டப்பாவில் எத்தனை மாத்திரை பிடிக்கும் என்று போட வேண்டும். இருப்பதை எண்ணிக்கொண்டு, மிச்ச இடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்று டப்பாவை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தார். டிக் போட்ட முப்பத்தொன்பது போக இருபத்தொன்று இருக்க வேண்டும்.

ஐம்பத்தொன்று இருந்தது.

மறுபடி எண்ணினார். பத்துப் பத்தாகக் கூறு கட்டி மூன்றாம் முறையும் எண்ணினார். ஐந்து கூறும் ஒரு ஒற்றை மாத்திரையும் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இருபத்தொரு நாளில் ஒன்பது மாத்திரை.

மனைவி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிளிப் எதுவும் இல்லை. துணிகளைக் கொடியில் சும்மா போட்டு, பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியையும் முழங்கையால் இழுத்து அடுத்ததின் அடியில் செருகிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கணுக்கள் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தன. பத்து நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார், குளிர் அதிகம் என்று நினைத்துவிட்டார்.

"இங்க வா" என்றார்.

வந்தவள் மேசையைப் பார்த்தாள். ஐந்து கூறையும் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"இதையெல்லாம் எதுக்குங்க எண்ணறீங்க?"

"படிவத்துல கேட்டிருக்கான். நீ சொல்லு. மாத்திரை போடலையா?"

"போட்டேனே. திறந்த அன்னிக்குப் போட்டேன்."

"அப்போ அந்த டிக்கெல்லாம்?"

"அதான் போட்டேன்னு சொல்றேனே, டிக்கு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தினமும் முயற்சி பண்ணேங்க. அங்கொண்ணு இங்கொண்ணுதான் திறந்துச்சு. நீங்க வந்ததும் வராததுமா செருப்போட ஓடிவந்து நோட்டைப் பாப்பீங்க. மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சம். இருபத்தேழு வருஷத்துல உங்க மூஞ்சில அதை நான் பார்த்ததே இல்ல. எப்படிங்க பெருக்கல் போடுவேன்?"

"ரெண்டு போட்டிருக்கியே?"

"எல்லாமே டிக்குன்னா நம்ப மாட்டீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மில்லிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த இரண்டு பெருக்கலுக்காக எழுதிய பத்தி கண்முன் வந்து நின்றது. ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு அவள் கையில் கொடுத்தார். கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசினார். விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக்கூடாது, இனி வழக்கம்போல் போடட்டும், செவ்வாய்க்கிழமை கட்டாயம் கூட்டிவாருங்கள் என்றார்கள். அங்கிருந்த நர்ஸ், "ஏன் விட்டுச்சு?" என்று கேட்டபோது, "மூடி திறக்கலை" என்றார். 

பிறகு டப்பாவை அவள் முன் வைத்தார்.

"திற. நான் பாக்கறேன்."

அவள் உள்ளங்கை மேட்டை நாக்கின் மேல் வைத்து அழுத்தினாள். டப்பா வழுக்கி மேசை ஓரம்வரை ஓடியது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பிடித்த கைதான் வலியில் துள்ளியது, அழுத்திய கை அல்ல.

"மூடியில ஒரு குறையும் இல்லீங்க. நல்ல மூடிதான். டப்பாவைப் பிடிச்சுக்க ஒரு கை வேணுமே, அதுக்கு எங்க போவேன்?"

பட்டறையில் அந்தக் கை வைஸ். இரும்பு வைஸ், பட்டறை மேசையோடு போல்ட் போட்டது. நூறு முறையும் டப்பாவை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. டப்பாவை யாராவது பிடிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. வைஸில் வைத்துத்தானே எதையும் சோதிப்பார்கள்? அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"முப்பத்தொன்பதுன்னே இருக்கட்டும்" என்றாள் அவள் மெதுவாக. "யாரு வந்து என் கையைப் பாக்கப் போறா? வேலை முக்கியங்க. அப்புறமா மாத்திக்கலாம்."

அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றியது மட்டுமல்ல, தேநீர் ஆறுகிற நேரம் முழுக்க அதை மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அச்சு வெட்டிவிட்டால் வெட்டியதுதான். பிறகு மாற்றுவது என்பதெல்லாம் பேச்சுக்கு. ஐம்பதாயிரம் டப்பா ஐம்பதாயிரம் சமையலறைக்குப் போகும். எத்தனை பேர் வீட்டில் சிரித்த முகத்தோடு டிக் போடுவார்கள்?

எந்தெந்த வேளை மாத்திரை போட்டாள் என்று அவளிடம் கேட்டு, சோதனைப் பக்கத்தைத் தேதிவாரியாக மறுபடி எழுதினார். நாற்பத்தொரு முயற்சி, திறந்தது ஒன்பது. பதினேழாவது பக்கமாக, அடியில் ரப்பர் பட்டையும் சுவரில் மாட்ட ஒரு தகடும் போட்ட டப்பாவைப் பென்சிலில் வரைந்து சேர்த்தார். அளவு போட நேரமில்லை. அளவில்லாத படத்தின் கீழே அவர் கையெழுத்துப் போட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

திங்கள்கிழமை மேலாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, பன்னிரண்டாவது பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா இது, முன்மொழிவா, குற்றவாளியோட வாக்குமூலமா?"

"நடந்தது அதான் சார்."

"பட்டறையில நூத்துக்கு நூறு. அது போதாதா? இந்த ஒரு பக்கத்தை உருவிட்டுக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்தப் பக்கத்துக்காகத்தான் சார் மத்த பதினாறும்."

மேலாளர் பக்கங்களை அடுக்கி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. 'மறுபரிசீலனைக்கு' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எத்தனை நாளில் என்று எழுதவில்லை. அச்சுப் பிரிவுப் பெண் வாசலில் நின்றிருந்தாள். "ரப்பர் பட்டை எத்தனை மில்லி அண்ணே?" என்று கேட்டாள். அதை அவர் இன்னும் அளக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது தப்பு.

"என் கை விளங்காதுன்னு எழுதியா குடுத்தீங்க? அத்தனை பேரும் படிக்கிற மாதிரி?"

"உன் பேரு போடலையே."

"நாற்பத்தொரு தடவையும் ஒரே ஆள்னு போட்டிருக்கே. உங்களுக்கு எத்தனை பொண்டாட்டி இருக்குன்னு அங்க யாருக்கும் தெரியாதா?"

பக்கத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வலியில் முகம் சுருங்கியது, ஆனாலும் விடவில்லை. மேசையில் பரப்பிவைத்து, வரிசை வரிசையாகத் தேதிகளைப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது தப்பு. பதினேழாம் தேதி சாயங்காலம் திறந்தேன்."

"மாத்திரைக் கணக்கு அப்படிச் சொல்லலையே. ஒன்பதுதான் குறையுது."

"திறந்தேங்க. நிஜமாவே. திறந்து கையில வெச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிட்டேன், வந்து பாருங்கன்னு. நீங்க இதைத்தான் தட்டிக்கிட்டிருந்தீங்க. 'அப்புறம் அப்புறம்'னீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன். கடுப்புல மாத்திரையும் போடாம மூடி வெச்சுட்டேன்."

மில்லி பதினேழாம் தேதியை நினைவில் தேடினார். கணினித் திரை நினைவுக்கு வந்தது, பத்தாவது பக்கம் நினைவுக்கு வந்தது. அவள் குரல் வரவேயில்லை.

பேனாவை எடுத்தார். ஒன்பதை அடித்துவிட்டு, மேலே பத்து என்று எழுதினார்.

"தேதியும் போடுங்க" என்றாள் அவள்.