தேதி இல்லாத கோவிந்தனும் ஜமீலாவும்

வெள்ளிக்கிழமை காலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது தாதி ராதா வெளியே வந்தார். "அங்கிள், ஜமீலா அக்கா மவுத்தாயிட்டாங்களாம். நெஞ்சு வலியில போயிட்டாங்களாம்." குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, ராதா எழுதுகிறார். நம் டயாலிசிஸ் நிலையத்துக்கு வரும் உங்கள் எல்லாருக்கும் ஜமீலாவைத் தெரியும். பாயான் பாரு தொழிற்சாலையில் கணினி வேலை. சனிக்கிழமைகளில் இங்கே வந்து, நாம் அன்றாடம் யாரை வேனில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தவர்.

அந்த நிரல் வந்த முதல் திங்கட்கிழமை ராதா பட்டியலை வாசித்தார். எனக்குப் பெயர்கள் மனப்பாடம். "ஜெலுத்தோங் கோவிந்தன் எங்கம்மா?" என்றேன். "முடிஞ்சிருச்சுன்னு காட்டுது, அங்கிள்." "நேத்து பாசார்ல மீன் வாங்கினாரு லா!" நேரே அவர் பிளாட்டுக்கு ஓட்டினேன். கீழே பையோடு உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. அன்றைக்குத் தவறியிருந்தால் மூச்சு முட்டியிருக்கும்.

சனிக்கிழமை ஜமீலாவைப் பிடித்துக்கொண்டேன். "என்ன தங்கச்சி, உசுரோட இருக்கிற ஆளுக்கு உன் கம்ப்யூட்டர் கணக்கு முடிச்சிருச்சே!"

"என் தப்புத்தான், அண்ணே," என்று உட்கார்ந்தார். வேன் எதுவரை வேண்டும் என்று ஒரு கட்டம். மற்றவர்களுக்கு மருத்துவர் ஒரு நாள் குறித்திருந்தார். கோவிந்தனுக்கு ஆயுசு முழுக்க வேண்டும் என்பதால் கட்டம் காலி. காலியை நிரல் மிகப் பழைய தேதியாக எடுத்துக்கொண்டு, காலம் கடந்துவிட்டது என்று அவரைக் கழித்துவிட்டது.

"ரொம்பத் தூரமா ஒரு தேதியப் போட்டுட்டா போச்சு," என்றார் ராதா.

"வேண்டாம்மா," என்றார் ஜமீலா. " நாமளா ஒரு தேதியக் கட்டிவிட்டா, பின்னால எது நெசம்னு யாரு சொல்வா? மொதல்ல தேதி இருக்கான்னு கேக்கணும். இருந்தாத்தான் முந்தியா பிந்தியான்னு கேக்கணும்."

அதோடு விடவில்லை. எப்போதிலிருந்து வேன் வேண்டும் என்றும் ஒரு கட்டம் உண்டு. "அது காலியா இருக்கிறது யாரு, அண்ணே?"

"பாப்பாத்தி அக்கா. தாசேக் கெலுகோர்லேர்ந்து மக வீட்டுக்கு வந்திருக்கு. டாக்டர் இன்னும் நாள் சொல்லல."

"அப்போ அங்க காலின்னா இன்னும் ஆரம்பிக்கல. இங்க காலின்னா இன்னும் முடியல. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கக்கூடாது. ரெண்டும் காலியா யாராச்சும்?"

"நான்தான்."

"உங்கள ஏத்தினா வண்டிய யாரு ஓட்டுறது?" என்று சிரித்தார். நான் ஒவ்வொரு ஆளாகச் சொல்லச் சொல்ல, தட்டிப் பார்த்தார். கோவிந்தன் பெயர் வந்த பிறகுதான் தேநீரைத் தொட்டார். ஆறிப் போயிருந்தது.

நேற்று ராதா தொண்டர் பட்டியலைத் திறந்தார். ஜமீலா எதுவரை என்ற கட்டம் காலி. "அப்படியே விட்டுடவா, அங்கிள்? போட மனசு வரல."

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கவும், தெரிந்ததை மறைக்காமல் சொல்லவும் ஜமீலாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். முதலாவது சுலபம்.

"தெரிஞ்ச தேதிம்மா," என்றேன். "போடு."