முழுப்பேர் கேட்ட கச்சேரி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நிலையத்தில் ரயில் நின்றபோது காலை பதினொன்று. திருச்சியிலிருந்து ஒரு பாட்டுக் கச்சேரிக்காக இவ்வளவு தூரம் போகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பையன்கள் நால்வர் நடத்தும் ராக் குழு அது. பெயர் ‘ஏழாம் நம்பர் லயம்’. லயம் என்றால் அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். இணையத்தில் அவர்களுடைய டிரம்ஸ்காரரைப் புகழ்ந்து நான் ஒரு வரி எழுதப்போக, மலர் என்ற பெண் பதில் எழுத, பழக்கம் வளர்ந்து இப்போது அவர் வீட்டுக்கே விருந்தாளி.

அந்த ரயில் ஹட்டனோடு சரி. அங்கிருந்து தலவாக்கலை வரை இருபது கிலோமீட்டர் பஸ். டிக்கெட் நூற்றிருபது ரூபாய். இறங்கியதும் மலரின் கணவர் செல்வம் ஆட்டோவோடு நின்றார். வண்டியின் முதுகு முழுக்கப் பாடகர் கபிலனின் முகம்.

“நீங்க யாரோட ஆளுங்க?” என்று பையை வாங்கும் முன்பே கேட்டார்.

“டிரம்ஸ்.”

“அப்பப் பரவால்ல, ஏறுங்க. ஜீவா ஆளா இருந்தா நடந்துதான் வரணும்.”

ஜீவா கிட்டார் வாசிப்பவர். அவருடைய ரசிகர்களுக்குத் தலைவி வேறு யாருமல்ல, மலர். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரமாகப் பேசவில்லை என்று வழியில் செல்வமே சொன்னார். கபிலனும் ஜீவாவும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களாம். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, கூடவே எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்று கேட்க நினைத்தேன். ஓட்டுகிறவரைப் பகைத்துக்கொள்ள அது இடமில்லை. ஒரு பக்கம் பள்ளம்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு. மலர் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். ஆனால் அந்தச் சிரிப்பு என் பக்கம் மட்டுமே திரும்பியது.

“அவருக்கு இன்னொரு ரொட்டி வேணுமான்னு கேளுங்க.”

“வேணாம்னு சொல்லுங்க.”

ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நான் தபால்காரி. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டேன். மலர்தான் சொன்னார். போன வாரம் ஹட்டன் கச்சேரியில் ஜீவா காய்ச்சலோடு வந்து, பாதியில் இறங்கிப் போய்விட்டார். செல்வம் அவருக்கு ‘அரைப்பேரு’ என்று பட்டம் வைத்து ஃபேஸ்புக்கில் போட்டார். கபிலன் கட்சிக்கு அது கோஷமாகிவிட்டது.

“பாதிப் பேர்தான் ரசிகர்கள்னு அர்த்தமா?” என்று கேட்டேன். திருச்சிக்காரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மலர் சிரிக்கவில்லை. “இல்லங்க. இங்க பேருன்னா ஒரு நாள் சம்பளம். நான் ஆறு வருஷம் மலையில கொழுந்து எடுத்தேன். காலையில பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க, இருக்கேன்னு சொல்லிட்டு மலைக்குப் போவோம். சாயங்காலம் எடுத்த கொழுந்து நிறை கொறஞ்சா அரைப்பேரு, பாதிச் சம்பளம். மழையா இருந்தாலும், காய்ச்சலா இருந்தாலும் அரைப்பேருதான். அன்னிக்கு முழுக்க நின்னவ பாதி ஆளுன்னு அர்த்தம். அந்தச் சொல்லு வேணாம்னுதான் மலைய விட்டு வந்தேன். அத என் வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வச்சிட்டாங்க.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொன்னது எனக்கில்லை. செல்வம் ஹட்டன் டவுனில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மலை ஏறிச் சம்பளம் வாங்கியவரல்ல. கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

மூன்று மணிக்குத் தோட்டத்து மைதானம். மூடுபனி இறங்குமுன் முடித்துவிட வேண்டும் என்பதால் இங்கே பகல் கச்சேரிதான். மேடைக்கு இடப்பக்கம் கபிலன் கட்சி சிவப்புச் சட்டையில், வலப்பக்கம் ஜீவா கட்சி நீலத்தில். டிரம்ஸ் கட்சியில் நானும் இஞ்சித் தேநீர் விற்ற முஸ்லிம் பெரியவரும். “நமக்குச் சண்டை போடவும் ஆளில்ல மகள்” என்று எனக்கு ஒரு கோப்பை இலவசமாகக் கொடுத்தார்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டுக்கு முன்னால் மேடையில் பெரட்டு நடக்கும். கபிலன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, அந்தந்த ரசிகர்கள் “இருக்கோம்” என்று பதில் தர வேண்டும். டிரம்ஸுக்கு நாங்கள் இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். அடுத்து, “ஜீவா” என்றார் கபிலன். நீலச் சட்டைகள் வாய் திறக்குமுன் சிவப்பிலிருந்து கிளம்பிவிட்டது: “அரைப்பேரு, அரைப்பேரு.” நீலத்தின் முன்வரிசையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களோடு நின்ற மலர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது சிவப்புக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் பெஞ்சில் ஏறினார். செல்வம்.

“நிறுத்துங்கடா. அந்தச் சொல்ல ஆரம்பிச்சவன் நான். அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன். ஜீவாவுக்கு முழுப்பேரு போடுங்க.”

“நீ யாரு ஆளுடா?” என்று அவர் கட்சிக்காரன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “கபிலன் ஆளுதான். இருந்தாலும் முழுப்பேருதான்” என்றார் செல்வம். முன்வரிசையில் ஒரு அம்மாள் “முழுப்பேரு” என்றார். அதை இன்னொருவர் வாங்கினார். பிறகு மைதானமே சொன்னது. ஜீவா கடைசிப் பாட்டுவரை வாசித்தார்.

மறுநாள் காலை செல்வத்தின் ஆட்டோவில் தலவாக்கலை ரயிலுக்குக் கிளம்பினோம். மலரும் வழியனுப்ப வந்தார். கபிலன் ரசிகர்கள் இரவோடிரவாகச் செல்வத்தை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் திருச்சியிலும் நடிகர்களுக்காகக் கட்சி கட்டி அடித்துக்கொள்வோம். சொன்ன சொல்லை ஒருவன் கூட்டத்தின் நடுவில் திரும்ப எடுத்துக்கொண்டதை நான் அங்கே பார்த்ததில்லை.

மலரோ வண்டி கிளம்பியதிலிருந்து வாய் மூடவில்லை. ஒரு வாரத்துப் பாக்கி. கபிலனுக்குச் சுருதி நிற்காது, அந்தச் சிவப்புச் சட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை, நேற்று ரொட்டியை ஏன் வீணாக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி மாட்டுவண்டியாக ஊர்ந்தது. வந்த அன்று இதே வளைவுகளில் பறந்தவர் செல்வம். ரயில் போய்விடுமே, கொஞ்சம் வேகமாகப் போகக்கூடாதா என்றேன்.

“வேகமாப் போனா இஞ்சின் சத்தத்துல இவ பேசறது கேக்க மாட்டேங்குதுங்க” என்றார்.