பல் வலிக்குப் போன சனிக்கிழமைகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நெட்டை என்று பெயர். எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் குட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் உண்டு; சம்பள நாளைத் தவிர வேறு எதற்கும் அது தேவைப்பட்டதில்லை. பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி நடந்து வந்து சேர்க்க வேண்டும். இவர்கள் பிடித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். “உங்க நடுவுல குழந்தையை விட்டா சறுக்கி விளையாடும்மா” என்பார் இஸ்திரி மிஷின்காரர்.

நெட்டை கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். குட்டையின் புருஷன் போய்ச் சேர்ந்தபோது, பால்குடி மறக்காத அவளுடைய பெண்குழந்தையை ஒரு இடுப்பிலும் தன் மகனை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு அலைந்தவள் இவள்தான். நெட்டையின் புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி வருவான், தூங்குவான், போய்விடுவான். ஒரே சந்தில் வீடு, ஒரே வகுப்பில் பிள்ளைகள். பெண் இவளைப் பெரியம்மா என்பாள். பையன் அவளைச் சித்தி என்பான்.

ஊருக்குள் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே படித்தவன் வீணாய்ப் போனதில்லை என்று பேச்சு. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்து எடுப்பார்கள். அதிலும் சின்னப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலிருந்தும், எத்தனை பேர் எழுதினாலும், ஒரு பிள்ளைக்குத்தான் இடம். நெட்டை விசாரித்து, ஊரின் மறுகோடியில் இருந்த ட்யூஷன் வாத்தியாரிடம் மகனைக் கூட்டிப் போனாள். வாத்தியார் பையனுக்கு நாலு கணக்குக் கொடுத்துப் பார்த்தார்.

“பரவால்ல. தேத்திரலாம். இவன் வகுப்புல இவனை விடக் கெட்டிக்காரப் புள்ளை யாராவது எழுதுதா?”

“இல்லைங்க சார்” என்றாள் நெட்டை.

அது பொய்யும் இல்லை, அன்றைக்கு. குட்டையின் மகள் எழுதுவதாக அப்போது பேச்சே இல்லை. ஆனால் சொன்னவுடன் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது அந்தப் பெண்ணின் முகம்தான்.

மறுநாளே விரிப்பை உதறிக்கொண்டு குட்டை கேட்டுவிட்டாள்.

“ஏன்க்கா, என்னமோ பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சையாமே? வீட்ல கேட்டுட்டு வான்னு டீச்சர் எம்பொண்ணுகிட்ட சொன்னாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல. நீ எட்டாவது வரைக்கும் படிச்சவ. எழுத வைக்கவா?”

நெட்டை முனையை இழுத்துப் பிடித்தாள். “அது நமக்கு ஆகாதுடி. எழுதி ஜெயிச்சாலும் பஸ்ஸு, யூனிஃபார்ம்னு தோலை உரிச்சிருவாங்க. பொம்பளப் புள்ளையை அவ்வளவு தூரம் எதுக்கு அலைய விடுற?”

“அதுவும் சரிதான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, நடந்து வந்து, தன் முனைகளை இவள் கையில் வைத்துவிட்டுப் போனாள் குட்டை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை மேலே கேட்டிருந்தால்கூட நெட்டைக்கு மனசு இவ்வளவு குத்தியிருக்காது.

பொய்க்கு வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பொய்தான். அதற்கு ஒரு தங்கையும் பிறந்தது. முதல் சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் குட்டை எதிர்ப்பட்டு, “அம்மாவும் புள்ளையும் எங்கே கிளம்பிட்டீங்க?” என்றாள். நெட்டையின் வாயில் வந்தது, “பல் டாக்டர்கிட்டடி. கடவாப்பல்லு.” அவ்வளவுதான். அன்று முதல் பையனுக்குப் பல் வலி.

பாவம், அவனுக்கு நடிக்கத் தெரியவில்லை. ஒரு வாரம் வலது கன்னத்தைப் பிடித்துக்கொள்வான், அடுத்த வாரம் இடது கன்னத்தை.

“போன வாரம் அந்தப் பக்கம்னுதானே சொன்னான்?” என்றாள் குட்டை.

“இந்தப் பக்கமும் பரவிருச்சு.”

“ஐயோ, என் ராசா!” என்று அவள் துடித்துப்போனாள். சனிக்கிழமைதோறும் சோற்றைக் குழையக் குழைய வேகவைத்து, கிண்ணத்தில் மூடி எடுத்து வருவாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லாமல் விழுங்குவான். நெட்டை அடுப்பு மேடையைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலமானால் அந்தப் பெண் வந்து பையன் பக்கத்தில் உட்காருவாள். ட்யூஷன் வாத்தியார் கொடுத்த தாளை, ஏதோ சும்மா கிடைத்த கணக்கு என்று சொல்லி அவள் முன்னால் தள்ளுவான். அம்மா சொல்லிக்கொடுத்த புத்தி. அவளோ கணக்கைக் கண்டால் விடமாட்டாள். “இங்க பாரு மக்கு, ரெண்டு பங்கு இவனுக்கு, மூணு பங்கு அவனுக்குன்னா மொத்தம் எத்தனை பங்கு? அதைச் சொல்லு முதல்ல.” வாத்தியார் ஒரு மணி நேரம் கத்தியும் ஏறாதது, இவள் அவன் மண்டையில் குட்டினால் ஏறியது. நெட்டைக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு ஒரு பக்கம் குளிரும், ஒரு பக்கம் எரியும்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளும் போயிற்று. அன்றைக்கு அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. இனி யாருக்குத் தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். இனி யாருக்குத் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அதே நினைப்புதான். அவள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே குட்டை ஓடி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, நம்ம பல் டிப்பார்ட்மெண்ட் டாக்டரம்மா இருக்காங்கல்ல? துவைச்ச கோட்டு குடுக்கப் போறப்பெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி சம்மதிக்க வெச்சிட்டேன். இன்னைக்கு மத்தியானம் பையனைப் பாக்குறாங்க. காசு வேணாம். எவனோ கண்டவன்கிட்ட வாரா வாரம் போயி அவஸ்தைப்படணுமா?”

“வேணாம்டி, இப்ப தேவலை.”

“என்ன தேவலை? போன சனிக்கிழமைகூட முழுங்கத்தான் செஞ்சான். நானே ஸ்கூல்ல சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன், வெளியே நிக்கிறான்.”

பையன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார், கண்ணாடியை வைத்துப் பார்த்தார், சின்னக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“யாரும்மா இவனுக்கு வைத்தியம் பாக்குறது?”

நெட்டை குனிந்து பையனின் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தாள்.

“இந்த வாயில இதுவரைக்கும் ஒருத்தரும் கை வெக்கல. சொத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. விளம்பரத்துக்குக் கூப்பிடலாம் இந்தப் பல்லை.”

குட்டை குனிந்து பையனின் முகத்தருகே போனாள். “அப்ப சனிக்கிழமை எங்கடா போவே, கண்ணு?”

பையன் அம்மாவைப் பார்த்தான். பிறகு சித்தியைப் பார்த்தான். “ட்யூஷனுக்கு. பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு” என்றான். வாய் இன்னும் பாதி திறந்தபடியே இருந்தது.

குட்டை நிமிர்ந்து கேட்டது ஒன்றுதான். “பேர் குடுக்கறது முடிஞ்சிருச்சா?”

“போன வாரம்” என்றாள் நெட்டை.

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?”

எத்தனையோ வருஷமாக நீ, வா, போ என்று கூப்பிட்டவள். அந்த ‘ங்க’ நெட்டையின் கன்னத்தில் விழுந்தது. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

நெட்டை அப்படியே ஓடினாள். சலவைக்கூடத்து ஏப்ரனோடு பெரிய பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் போய் நின்றாள். கணக்கில் புலியான ஒரு பெண் இருக்கிறாள், தப்பு என்னுடையது, அவளை எழுத விடுங்கள் என்று அழுதாள். ஜன்னலுக்குள் இருந்தவர் நல்ல மனிதர்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார். “தேதி முடிஞ்சா முடிஞ்சதும்மா. உங்களுக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும்” என்றார். திரும்பி வந்து அதைக் குட்டையிடம் சொன்னாள்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க. சாயங்காலம் வழக்கம்போல வருவா. நான் தடுக்கமாட்டேன்.”

வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பையன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நெட்டை அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் வார்த்தை கல்லாய்க் கனத்தது. பரீட்சை என்ன, தேதி என்ன, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைதான் என்பது என்ன, எதையும் விடவில்லை.

பெண் முதலில் பையனிடம்தான் பாய்ந்தாள். “அப்ப பல்லு வலிக்கவே இல்லையாடா? உனக்கு ஏக்கமா இருக்கும்னு நான் சாக்லேட்டே திங்கல!”

பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். “நான் எழுதினா எனக்குக் கிடைச்சிரும்னு பயந்தீங்களா?”

இதற்கும் ஒரு பொய் நெட்டையின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. உன் நல்லதுக்குத்தான் என்று. அதை விழுங்கிக்கொண்டு, “ஆமாடி” என்றாள்.

பெண் கொஞ்சம் யோசித்தாள். “கிடைச்சிருக்கும்” என்றாள். குரலில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள்.

“ஆமாம்மா, இவளுக்குத்தான் கிடைச்சிருக்கும்” என்றான் பையனும்.

தேர்வு வரைக்கும் அவள் வருவதை நிறுத்தவில்லை. நெட்டை கதவைத் திறந்துவிடுவாள். திறந்துவிட்டு அடுப்பு மேடையைத் துடைக்கப் போய்விடுவாள்.

பையனுக்கு இடம் கிடைத்தது. சேதி சலவைக்கூடத்துக்கு எப்படியோ வந்து, எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தீங்களா?” என்றார் இஸ்திரி மிஷின்காரர். “எவ்வளவு பெரிய விஷயம்! வேற யாராவதா இருந்தா கால் தரையில பாவாது. இந்தம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. அடக்கம்னா இது அடக்கம்!”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. அடக்கமான பொம்பளை.

குட்டையும் கை தட்டினாள். தட்டி முடித்துவிட்டு, “ஆமா, அவங்க ரொம்ப அடக்கம்” என்றாள். குவியலிலிருந்து அடுத்த விரிப்பை உருவி, ஒரு பக்கத்தை நீட்டினாள்.

“பிடிங்க.”