கிளறிற்றா தேர்ந்த பாதை

என் மனைவி கிளறிற்றா தென் இலண்டனில் பஸ் ஓட்டுகிறாள். இது இருபத்தோராவது வருடம். மன்னார் பேசாலையிலிருந்து வந்த புதிதில் பஸ்களைக் கழுவித் துடைக்கிற வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. துடைத்த பஸ்ஸை ஓட்டவும் வேண்டும் என்று எப்போது நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னபோது விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. சோதனையில் இரண்டு முறை தவறினாள். மூன்றாம் முறை சித்தியடைந்து வந்த அன்று, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்துகொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அரை மணித்தியாலம் அழுதாள்.

பொல்லூன்றிய ஒருவர் ஏறினால் அவர் இருக்கையில் அமரும்வரை அவள் பஸ்ஸை அசைக்கமாட்டாள். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிக்கட்டும், மேற்பார்வையாளர் வானொலியில் நேரம் கேட்கட்டும், அவளுக்குக் கவலையில்லை.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவளுடைய அண்ணன் சவிரிமுத்து அமெரிக்காவிலிருந்து அழைத்தார். ரெக்சஸில் சான் அன்ரோனியோ என்கிற நகரத்தில் முப்பது வருடமாக இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் அஜந்தா மெக்சிக்கோவில், மொன்ரெரே நகரத்தில், பொறியியலாளராக வேலை செய்கிறாள். அங்கேயே ஒரு பையனைக் காதலித்து, சித்திரை கடைசியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் விமானச் சீட்டும் எடுத்தாயிற்று.

"தங்கச்சி, நான் கல்யாணத்துக்குப் போகேல்லை" என்றார் அண்ணை. "வீடியோவிலை பாக்கிறன்."

கிளறிற்றா கையிலிருந்த அகப்பையை வைத்தாள். "என்ன கதை கதைக்கிறியள்? தேப்பன் இல்லாமல் பிள்ளையை ஆர் கோயிலுக்கை கூட்டிக்கொண்டு போறது?"

அப்போதுதான் விஷயம் வந்தது. அண்ணையின் வலது கண்ணில் விழித்திரை கழன்று, ஒரு கிழமைக்கு முன் அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். திரையை ஒட்டிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அது தானாகக் கரைய எட்டு வாரமோ பத்து வாரமோ ஆகலாம். கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. குமிழ் கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது என்று கையில் பச்சைப் பட்டி ஒன்றும் கட்டிவிட்டிருந்தார்கள். கார் ஓட்டவும் முடியாது.

"ஏன் பிளேன் ஏலாதாம்?" என்று கேட்டாள்.

"உயரத்துக்குப் போனால் காஸ் விரியுமாம். கண்ணுக்கை அழுத்தம் கூடிப் பார்வை போயிடுமாம்."

"அப்ப நான் வந்து கார் ஓடுறன். ஆறு மணித்தியால ஓட்டம்தானே. நீங்கள் அழாதேங்கோ."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். "உயரம் எண்டால் மலையும் உயரம்தானே?" என்றாள். எனக்கு அது தோன்றவேயில்லை. அண்ணைக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அண்ணையையும் சேர்த்துக்கொண்டு வைத்தியருடன் தொலைபேசியில் பேசினாள். வைத்தியர் அந்தக் கேள்விக்காக அவளுக்கு நன்றி சொன்னார். கல்யாண நேரத்துக்குக் குமிழ் சுருங்கியிருக்கும். அப்போது வந்து காட்டவேண்டும். அதன் பிறகும் கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீற்றருக்கு மேல் போகவே கூடாது. ஏற்றத்தில் மெதுவாகப் போய் இடையில் நின்று இளைப்பாறவேண்டும் என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடம்தான். ஸ்ட்ரெதமில் இருக்கிற எங்கள் நண்பர் கிறிஸ்துராஜா ஒருநாள் வந்தார். ஒருமுறை விடுமுறையில் கலிபோர்னியாவிலிருந்து மெக்சிக்கோவுக்குள் கார் ஓட்டிப் போனவர் அவர்.

"இதுக்கேன் இவ்வளவு யோசினை? போனை முன்னுக்கு வையுங்கோ. அது காட்டுற வழியிலை போங்கோ."

"போனுக்கு அண்ணையின்ரை கண் தெரியாது" என்றாள் கிளறிற்றா.

"அப்ப பஸ்ஸிலை போகலாமே? சான் அன்ரோனியோவிலையிருந்து நேரே பஸ் ஓடுது."

"அண்ணைக்கு நொந்தால் பஸ்காரன் மலையிலை நிப்பாட்டுவானோ? நானெண்டாலும் நிப்பாட்ட ஏலாது. பின்னுக்கு நாப்பது பேர் இருக்குங்கள்."

வழிகள் மூன்று இருந்தன. போன் காட்டியது எல்லையில், லறேடோ நகருக்குள், ஆற்றைக் கடக்கிற பாலம், அதுதான் கிட்ட. ஆனால் பாலத்தில் நெரிசல், இறங்கினால் மறுபக்கமும் நெரிசலான ஒரு நகரம். கிழக்கே சுற்றிப் போகிற வழி நெடுகச் சமதரை. அதைக் கண்டதும் கிளறிற்றாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த வழி போகிற மாநிலத்துக்கு அவசியமில்லாமல் போகவேண்டாம் என்று பிரித்தானிய அரசின் பயண அறிவுறுத்தலில் இருந்தது. இரண்டு நாள் அதை விட மனமில்லாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பென்சிலால் குறுக்கே கீறினாள். மிஞ்சியது கொலொம்பியா என்கிற பாலம். லறேடோவிலிருந்து வடமேற்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் சுற்று. ஆளரவம் குறைந்த வீதி. பெரும்பாலும் லொறிகள் கடக்கிற பாலம்.

"லொறிக்காரரைக் கேட்டால்தான் சரியாய்த் தெரியும்" என்றாள்.

அஜந்தாவிடம் கேட்டபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் றமீரோ லொறி ஓட்டுநர் என்று தெரியவந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து வீடியோவில் அழைத்தோம். அஜந்தா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். தொப்பி போட்ட, மீசை நரைத்த மனிதர். அவர் முதலில் கேட்டது, "இந்த அம்மா எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறார்?"

"இருபது வருசம் முடிஞ்சுது. டபுள் டெக்கர்."

அதைக் கேட்டதும் றமீரோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பிறகு இருவரும் ஒரே தரிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள்போலப் பேசினார்கள். கொலொம்பியா பாலமே நல்லது என்றார் அவர். காலையில் கடக்கவேண்டும். பாலத்துக்கு அப்பால் நெடுந்தூரம் ஒன்றும் கிடைக்காது, பெற்றோலும் தண்ணீரும் லறேடோவிலேயே நிரப்பவேண்டும். காரின் அசல் பத்திரம் வேண்டும், நகல் எடுபடாது. அமெரிக்கக் காப்புறுதி செல்லாது, மெக்சிக்கோவுக்கென்று தனியாக எடுக்கவேண்டும். கட்டண வீதியில் ஒரு கணவாய் வரும், அது எழுநூறு மீற்றருக்குள்தான். கிளறிற்றா எல்லாவற்றையும் தேவாலயக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள்.

கடைசியில் றமீரோ ஏதோ சொன்னார். அஜந்தா அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"மாமி... கணவாய் ஓகேயாம். பட் வெடிங் சாப்பல் மலைக்கு மேலைதானே, அதுக்கு என்ன செய்யப்போறியள் எண்டு கேக்கிறார்."

எங்களில் ஒருவருமே அதை யோசிக்கவில்லை. கல்யாணம் மொன்ரெரேயில் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அழைப்பிதழில் இருந்த ஆலயமோ நகரத்துக்கு அப்பால், மலைக்கு மேல். கிளறிற்றா அங்கேயே உயரத்தைத் தேடிப் பார்த்தாள். ஆயிரத்து அறுநூறு மீற்றர். கண் கெட்டுப்போகக்கூடிய இடம் வீதியில் இல்லை, வீதி போய்ச் சேருகிற இடத்தில் இருந்தது.

அஜந்தா அழுதாள். ஆலயம், விருந்து மண்டபம், எல்லாம் ஒரு வருடத்துக்கு முன் ஒழுங்கு செய்தது. "எல்லாம் புக் பண்ணியாச்சு மாமி. அவையளிட்டை நான் எப்பிடிக் கேக்கிறது?"

"நீ கேக்கவேண்டாம். உன்ரை மாமியாரை என்னோடை கதைக்கச் சொல்லு. நான் கேக்கிறன்."

மறுநாள் வேலை முடிந்து வந்து, சீருடையோடேயே, அஜந்தா மொழிபெயர்க்க, மாப்பிள்ளையின் தாயுடன் பேசினாள். சுற்றிவளைக்கவில்லை. "எங்கடை அண்ணை மேலை வந்தால் அவற்றை கண் போயிடும். கீழை இருந்தால் மகளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடப்பார். நீங்களும் ஒரு தாய். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். அந்தப் பெண் யோசிக்கக்கூட இல்லை. பூசை மொன்ரெரேயில் தங்களுடைய பங்குக் கோயிலில் நடக்கட்டும், விருந்து மட்டும் மலையில் இருக்கட்டும் என்றார். இரண்டு நாளில் பங்குத்தந்தையிடம் ஒழுங்கு செய்துவிட்டுச் செய்தியும் அனுப்பினார்.

வீதியின் வலது பக்கம் ஓடிப் பழகவேண்டும் என்று ஒரு விடுமுறை நாளில் என்னையும் ஏற்றிக்கொண்டு கப்பலில் பிரான்சின் கலே துறைமுகத்துக்குப் போனாள். அங்கே ஒரே சுற்றுவட்டத்தை எட்டுத் தரம் சுற்றினாள். எனக்குத் தலை சுற்றி, வழியில் இறங்கி நின்றேன்.

நேரே மொன்ரெரேக்கு எடுத்திருந்த விமானச் சீட்டை மாற்றி, சித்திரை கடைசியில் சான் அன்ரோனியோ போய்ச் சேர்ந்தோம். வைத்தியர் கண்ணைப் பார்த்தார். குமிழ் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. போகலாம் என்றார். கல்யாணத்துக்கு முதல்நாள் விடியற்காலை அண்ணையின் காரில் புறப்பட்டோம். அண்ணை முன் இருக்கையில், கலண்டருடன் நான் பின்னால். லறேடோவை அண்டியதும் போன் நகரத்துப் பாலத்துக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டேயிருந்தது. கிளறிற்றா அதை அணைத்து என்னிடம் தந்துவிட்டாள்.

கொலொம்பியா பாலத்தில் எங்களுக்கு முன் நான்கு கார்கள்தான் நின்றன. அதிகாரி ஒருவர் பிரித்தானியச் சாரதிப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார் ஒருவருடையது, ஓட்டுகிறவர் வேறொருவர், அதுவும் வேறு நாடு. கிளறிற்றா கோவையைத் திறந்தாள். அசல் பத்திரம், காப்புறுதி, கார் அனுமதி, வைத்தியரின் கடிதம், அஜந்தா ஸ்பானிய மொழியில் எழுதித் தந்த அதன் விளக்கம். அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கடிதத்தை வாசித்ததும் அவர் அண்ணையின் கைப்பட்டியைப் பார்த்தார், எழுந்து வந்து கார்க் கதவைத் தானே சாத்திவிட்டார்.

கணவாய் ஏறத் தொடங்கியபோதுதான் அண்ணை கண்ணைப் பொத்தினார்.

"இறுக்குது தங்கச்சி."

"எப்பிடி? குத்துதோ, பாரமோ?"

"பாரமாய்க் கிடக்கு. நீ ஓடு, பறவாயில்லை."

அவள் ஓடவில்லை. வீதியோரத்தில் அகலமான இடம் வரும்வரை ஊர்ந்து போய் நிறுத்தினாள். வைத்தியசாலைக்கு அழைத்தாள். தாதி கேட்ட கேள்விகளை அண்ணையிடம் கேட்டாள். பார்வை மங்கவில்லை, ஓங்காளமோ வாந்தியோ இல்லை, தலையிடி இல்லை. அரை மணித்தியாலம் பொறுங்கள், கூடினால் உடனே கீழே இறங்குங்கள் என்றாள் தாதி. மொன்ரெரேயிலிருந்து அஜந்தா நான்கு தரம் அழைத்துவிட்டாள். மாலையில் கோயிலில் ஒத்திகை, எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒத்திகை நாங்கள் இல்லாமலும் நடக்கும், பிள்ளை. உன்ரை அப்பா சரியெண்டால்தான் நான் காரை எடுப்பன்" என்றாள்.

ஒரு மணித்தியாலம் நின்றோம். லொறிகள் எங்களைக் குலுக்கிக்கொண்டு போயின. அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிளறிற்றா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்திருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். பெருவிரலால் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டேயிருந்தாள். பிறகு அண்ணை கண்ணைத் திறந்து, "விட்டிட்டுது" என்றார். இன்னும் கால் மணித்தியாலம் பொறுத்தாள். அதன் பிறகு, மூட்டை ஏற்றிய லொறிகூட எங்களை முந்திப் போகிற வேகத்தில், அந்தக் கணவாயைக் கடந்தாள்.

நகரத்துக்கு முன்னால் கட்டணச் சாவடியில் றமீரோ வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மூன்று மணித்தியாலமாக நின்றாராம். காரைப் பார்த்ததும் ஓடிவந்து, அண்ணையிடம் போகாமல் முதலில் கிளறிற்றாவிடம் வந்து, இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு, நகரத்துப் பங்குக் கோயிலில், சவிரிமுத்து அண்ணை சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கண் இன்னும் கலங்கலாகத்தான் தெரிந்ததாம். அதனால் அஜந்தா அவருடைய இடது பக்கம் நடந்தாள். பீடத்தை அடைந்ததும் அவர் மகளை விட்டுவிட்டுத் திரும்பினார். முன்வரிசையில் இருந்த தங்கையைத் தேடினார். கிளறிற்றா எழுந்துபோய் அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினாள். நான் அழுததை அவள் பார்த்துவிட்டாள். கைலேஞ்சியை நீட்டினாள்.

மற்றவர்கள் விருந்துக்கு மலைக்குப் போனார்கள். நாங்கள் மூவரும் போகவில்லை. றமீரோவும் போகவில்லை, அவருடைய வீட்டு முற்றத்தில் ஆட்டிறைச்சி வாட்டினார். மொழி தெரியாமலே அவரும் கிளறிற்றாவும் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி பஸ் திருப்புவது, லொறி திருப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போதும் அதே பாலத்தால்தான் வந்தோம். மூன்று வாரம் கழித்து அண்ணையின் குமிழ் முற்றாகக் கரைந்தது. திரை ஒட்டிவிட்டது, சின்ன எழுத்தும் வாசிக்கிறார்.

இலண்டனுக்கு வந்த மூன்றாம் நாள் கிளறிற்றாவுக்குக் காலை ஷிப்ட். எனக்கு அன்று லீவு. அவளுக்குச் சொல்லாமல் பஸ் தரிப்பில் போய் நின்று, அவளுடைய பஸ்ஸில் ஏறினேன்.

"எங்கை போறியள்?" என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

"ஒரு இடமும் இல்லை."

"அப்ப போய் இருங்கோ. இருந்தால்தான் எடுப்பன்."

மேல்தட்டின் முன்னிருக்கையில் போய் இருந்தேன். பஸ் புறப்பட்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், இதை ஓட்டுவது என் மனைவி என்று சொன்னேன்.