சாவி இல்லாமல் வாங்கிய கார்

இன்று கிளியனூரில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற காசுக்குள் அடங்கியது.

துணைக்கு வந்த மைத்துனன் மாட்டுத் தரகன். பழக்கதோஷத்தில் புதுக் கயிறும் கொண்டுவந்திருந்தான்.

பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவி கேட்டேன். விற்றவர் அதை மடியில் முடிந்துகொண்டார்.

"மாட்ட வித்தா கயித்தக் குடுப்பமா? வூட்டு லட்சுமி கூடவே பூடும்ங்க."

"அப்ப எப்படிங்க ஓட்டிக்கினு போறது?"

"வாங்கறவங்கதான் புதுசு கொண்டாரணும்."

மைத்துனனைப் பார்த்தேன்.

"அவரு சொல்றது நியாயந்தான் மாமா" என்று கயிற்றைப் பிரித்தான்.

கார் திண்டிவனம் வந்துவிட்டது. இழுத்துவந்த வாடகைக் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு எழுதுகிறேன். நாளை குடும்பத்தோடு மயிலம் கோயிலுக்குப் போகிறோம்.

சாவி செய்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் வைக்கோல் எங்கே மலிவு என்று சொல்லுங்கள்.